மறுத்துவமனை

மடியில் இருக்கிற புத்தகத்தை மூட வேண்டாம், டாக்டர் தம்பி. நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் எனக்கு இல்லை. எட்டு வாரம், எட்டுப் பாடம், கடைசியில் ஒரு சூரியகாந்திப் படம். எனக்கு மனப்பாடம். பின்னால் ஜன்னலோரம் காலியாக இருந்தும் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன் என்றால், அந்த அட்டையைப் பார்த்துத்தான்.

டாக்டர் என்று எப்படித் தெரியும் என்கிறீர்களா? முப்பத்தாறு வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவன். பஸ்ஸில் ஒருத்தர் இருமினால் எல்லோரும் இருமினவரைப் பார்ப்பார்கள், டாக்டர் மட்டும் வெளியே வயலைப் பார்ப்பார். சும்மா சொன்னேன். உங்கள் சட்டைப் பையில் அடையாள அட்டை எட்டிப் பார்க்கிறது. வட்டார மருத்துவ அலுவலர். ஒரு வட்டாரத்துக்கே தலைவர். அதனால்தான் உங்களுக்கும் கொடுத்திருக்கிறார்கள்.

நான் குரும்பூர் போகிறேன். ஒரு ஆவணத்தை நேரில் ஒப்படைக்க வேண்டும். நீங்கள் திருச்செந்தூரா? நல்லது. எனக்கு ஒரு மணி நேரம் கிடைத்தது.

பெயர் கொம்பையா. எங்கள் ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம், ஆனால் அங்கே போய்த் தோழர் கொம்பையா என்று கேளுங்கள், பிணவறைக் காவலாளி வரைக்கும் எழுந்து நிற்பான். வார்டு உதவியாளராகச் சேர்ந்தேன், வார்டு உதவியாளராகவே ஓய்வு பெற்றேன். ஓய்வு வேலையிலிருந்துதான், சங்கத்திலிருந்து அல்ல. படித்தது எட்டாம் வகுப்பு. மீதி எல்லாம் துண்டறிக்கையில் படித்தது. முதலில் மற்றவர்கள் எழுதியதை வாசல்களில் நின்று வாங்கிப் படித்தேன். பிறகு நானே எழுதினேன். நானூற்றுப் பன்னிரண்டு. எண் போடாத ஒரு தாள் என் கையிலிருந்து வெளியே போனதில்லை. எத்தனை அதிகாரிகள் அந்த எண்ணைப் பார்த்து மாறுதல் கேட்டுப் போனார்கள் என்பது வேறு கணக்கு.

சரி, இந்தப் புத்தகம். இது என்னிடம் ஒரே ஒரு சொல்லால் வந்தது. சென்னையிலிருந்து சுற்றறிக்கை: 'மருத்துவமனைகளில் உள்ள தலைவர்கள் அனைவருக்கும் மனச்சோர்வைக் குறைக்கும் சுயவழிகாட்டிப் பயிற்சி.' அவர்கள் மனத்தில் இருந்தது துறைத் தலைவர்கள், கண்காணிப்பாளர்கள், அந்தக் கூட்டம். ஆனால் எழுதியது தலைவர்கள். தபால் பிரிக்கிற எழுத்தர் உலகநாதனுக்குத் தலைவர் என்றால் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரே ஆள்தான். உறையை எடுத்துக்கொண்டு சங்க அறைக்கு ஓடி வந்தான். "தலைவரே, உங்களுக்கும் ஒண்ணு வந்திருக்கு."

முப்பத்தாறு வருஷத்தில் நிர்வாகம் என்னைத் தலைவர் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அதில் ஒரு பெருமையும் இல்லை. உறையைப் பத்திரப்படுத்தியிருக்கிறேன், அது வேறு விஷயம்.

கூட்ட அரங்குக்குப் போனேன். பெரிய டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு உலகநாதனைப் பார்த்தார். உலகநாதன் சுற்றறிக்கையைப் பார்த்தான். சுற்றறிக்கையில் தலைவர் என்று இருந்தது. யார் என்ன செய்ய முடியும்? மெத்தை நாற்காலி போட்டார்கள். முந்திரி பிஸ்கட் வைத்தார்கள். நான் தொடவில்லை. ஒன்று எடுத்தேன்.

பயிற்சி கொடுக்க வந்தது அபிநயா என்று ஒரு பெண். எப்போதும் சிரித்த முகம். உங்களுக்கும் அந்தப் பெண்தானா? பாருங்கள், மாநிலம் முழுக்க ஒரே சிரிப்பை அனுப்பி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண் சொன்னது இதுதான்: நிகழ்ச்சி நம்மைச் சோர்வாக்குவதில்லை, நிகழ்ச்சியைப் பற்றி நமக்கு வருகிற எண்ணம்தான் சோர்வாக்குகிறது. எண்ணத்தை எழுது. அதை எத்தனை விழுக்காடு நம்புகிறாய் என்று எழுது. அதற்கு ஆதரவுச் சான்று எழுது. பக்கத்தைத் திருப்பு. எதிர்ச் சான்று எழுது. இப்போது எத்தனை விழுக்காடு நம்புகிறாய் என்று மறுபடி எழுது. அவ்வளவுதான், சோர்வு குறைந்துவிடும்.

நான் எழுந்தேன். "எங்க ஆஸ்பத்திரியில நாப்பத்தியொரு நர்ஸ் இடம் காலி. அது நிகழ்ச்சியா, எண்ணமா?"

"நல்ல கேள்வி சார்" என்றது அந்தப் பெண்.

நல்ல கேள்வி சார்! எப்பேர்ப்பட்ட பதில் பாருங்கள். ஆள் போடு என்றால் எண்ணத்தை மாற்று என்கிறான் அரசாங்கத்துக்காரன். ஒருத்தர் மூன்று பேர் வேலையைச் செய்கிறார், செத்துப் போகிறேன் என்கிறார், அவர் கையில் ஒரு பேனாவைக் கொடுத்து, அதற்கு எதிர்ச் சான்று என்ன என்று கேட்கிறான். என் வாழ்க்கையில் எத்தனையோ ஏமாற்று வேலை பார்த்திருக்கிறேன். தொழிலாளியையே தனக்கு மேஸ்திரியாக்குகிற ஏமாற்று வேலையை அன்றுதான் பார்த்தேன். சுயவழிகாட்டி!

பிறகு ஒரு பயிற்சி வைத்தது. 'கூட வேலை பார்க்கிற ஒருவர் எதிரில் வருகிறார், உங்களைப் பார்த்தும் வணக்கம் சொல்லாமல் போகிறார். உங்களுக்கு வருகிற முதல் எண்ணம் என்ன?' வரிசையாகக் கேட்டது. ஏதோ அவசரமாக இருக்கும் என்றார் ஒருவர். கண்ணாடி போடாமல் வந்திருப்பார் என்றார் மயக்க மருந்து டாக்டர். என் முறை வந்தது.

"துரோகி" என்றேன்.

அரங்கமே சிரித்தது. பெரிய டாக்டர் பிஸ்கட் புரையேறி இருமினார். ஒரே ஒருத்தர் சிரிக்கவில்லை. செவிலியர் கண்காணிப்பாளர். ரோஸ்லின் செல்வக்கனி. குனிந்து புத்தகத்தில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லுகிற அளவுக்கு முக்கியமானவர் இல்லை, ஆனாலும் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். ஒரு காலத்தில் எங்கள் சங்கத்தின் துணைச் செயலாளர். இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் நடத்தினோமே இருபத்திரண்டு நாள் போராட்டம், அதில் பந்தல் முன்வரிசை. நீங்கள் அப்போது பள்ளிக்கூடம் போயிருப்பீர்கள். தினமும் ஒரு அறிக்கை எழுதுவேன். அச்சுக்குப் போகுமுன் செல்வக்கனிதான் பார்க்கும். எனக்கு ரகர றகரத்தில் கொஞ்சம் தகராறு உண்டு. எட்டாம் வகுப்பு தமிழய்யா அந்தப் பாடம் நடத்திய வாரம் நான் உப்பளத்துக்கு வேலைக்குப் போய்விட்டேன். என் தப்பு இல்லை.

ஏழாம் நாள் அறிக்கையில் மருத்துவமனை என்பதற்கு மறுத்துவமனை என்று எழுதிவிட்டேன். தலைப்பிலேயே.

"அண்ணாச்சி, சின்ன ர போடணும். நீங்க பெரிய ற போட்டிருக்கிய. பெரிய ற போட்டா, மறுக்கிற வீடுன்னுல்லா ஆயிரும்."

"நோயாளிய மறுக்கிற வீடுதானே. சரியாத்தான் இருக்கு. அப்படியே போடு" என்றேன்.

பந்தலே சிரித்தது. பட்டினி கிடந்த வயிற்றோடு சிரித்தோம். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே சின்ன ர போட்டுத் திருத்திவிட்டது. அதோடு முடிந்தது. எதற்காக இதைச் சொன்னேன்? எழுத்துப் பிழைக்காகச் சொன்னேன்.

அப்படி இருந்தவர், ஆறு வருஷத்துக்கு முன்னால் பணிமூப்பில் கண்காணிப்பாளர் பதவி வந்ததும் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் மாதமே டூட்டி சார்ட் போட்டார், ஒரு வார்டுக்கு ஒரு நர்ஸ் என்று. நாற்பத்தியொரு இடம் காலியாக இருக்கும்போது வேறு எப்படிப் போடுவது என்று கேட்டார். கேட்பார்களா இல்லையா? எல்லா அதிகாரிகளும் அதையேதான் கேட்பார்கள். அன்றைக்கே அறிக்கை எண் முன்னூற்று அறுபது விட்டேன். தலைப்பு: 'பந்தலில் தோழி, நாற்காலியில் துரோகி.' அதற்குப் பிறகு ஆறு வருஷத்தில் ஐம்பத்திரண்டு அறிக்கை. அத்தனையும் அந்த அம்மாளைப் பற்றி. வேறு யாருக்கும் அவ்வளவு எழுதியதில்லை. நடைவழியில் பார்த்தால் வணக்கம் கிடையாது. எனக்கு வணக்கம் தேவையில்லை, தம்பி. சொல்லவில்லை என்பதைக் குறித்துவைத்தேன், அவ்வளவுதான்.

ஆமாம், புத்தகத்தை நானும் எழுதினேன். கிண்டலுக்குத்தான். உள்ளே இருந்து ஆதாரம் திரட்டி ஒரு பெரிய வெளியீடாகப் போட வேண்டும் என்று திட்டம். அதனால் ஒரு பக்கம் விடாமல் எழுதினேன். எண்ணம்: நிர்வாகம் ஏமாற்றுகிறது. விழுக்காடு: நூறு. ஆதரவுச் சான்று: தனித்தாள் இணைக்கப்பட்டுள்ளது. எதிர்ச் சான்று என்ற இடத்தில் நிர்வாகத்தின் குற்றங்களை வரிசையாக எழுதினேன். எதிரிகளுக்கு விரோதமான சான்று, அதுதானே எதிர்ச் சான்று? நான்கு வாரம் அப்படித்தான் எழுதினேன். என் எண்ணத்துக்கு எதிராக நானே சாட்சி சொல்ல வேண்டும் என்று கேட்கிறார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. யாருக்குத் தோன்றும்?

இரண்டாம் வாரத்தில் ஒரு கேள்வி உண்டு, பார்த்தீர்களா, 'கடைசியாக மனம்விட்டுச் சிரித்தது எப்போது?' வெற்றிடம் விடக்கூடாது என்பதற்காக எழுதினேன்: இருபத்தொரு வருஷம் முன்பு, ஒரு எழுத்துப் பிழையைப் பார்த்து. அதெல்லாம் கிண்டல்தான்.

இனிமேல்தான் விஷயம். வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரும் புத்தகத்தைக் கொண்டுபோய் மேஜையில் வைக்க வேண்டும். அந்தப் பெண் படிக்காது. அந்த வாரப் பக்கம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் புரட்டிப் பார்க்கும். ரகசியம் என்பதால் பெயர் கிடையாது, வெள்ளைப் பின்னட்டையில் மார்க்கர் பேனாவில் ஒரு எண். எனக்கு 6. அந்த அம்மாளுக்கு 9. மாநில அளவில் திட்டம் போடுகிறவர்கள், எட்டு வாரம் மனத்தைத் திருத்துகிறவர்கள், ஆறுக்கும் ஒன்பதுக்கும் கீழே ஒரு கோடு போட வேண்டும் என்று தெரியாதவர்கள். ஐந்தாம் வாரம் மேஜையில் தலைகீழாகக் கிடந்ததை என்னுடையது என்று எடுத்து வந்துவிட்டேன்.

சங்க அறையில் வந்து திறந்தேன். கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அந்த ழகரத்தின் வால் எனக்குத் தெரியாதா? என் அறிக்கைகளின் ஓரத்தில் எத்தனை வருஷம் பார்த்த வால். இப்படி இருந்தது, அப்படியே சொல்கிறேன்:

'நிகழ்ச்சி: குழந்தைகள் வார்டில் மூன்று நாளாக ஒரே நர்ஸ். மாற்ற ஆள் இல்லை. இன்று அந்தப் பெண் மயங்கி விழுந்தாள். எண்ணம்: நான் துரோகி. அண்ணாச்சி சொல்வது உண்மை. எல்லோரையும் வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டேன். விழுக்காடு: எண்பத்தைந்து. ஆதரவுச் சான்று: டூட்டி சார்ட்டில் இருப்பது என் கையெழுத்து.'

ஆறு வருஷம், தம்பி. ஐம்பத்திரண்டு அறிக்கை. என் வாதம் ஒவ்வொன்றுக்கும் எதிராளியின் கையாலேயே ஒப்புதல். உட்கார முடியவில்லை எனக்கு. நேரே டி.டி.பி. கடைக்குப் போனேன்.

பக்கத்தைத் திருப்பவில்லையா என்கிறீர்கள். எதற்குத் திருப்ப வேண்டும்? கையில் வாக்குமூலம் கிடைத்த பிறகு மேலே படிக்கிற வழக்கம் எனக்கு இல்லை. வழக்கு நடத்தியவர்கள் யாரையும் கேட்டுப் பாருங்கள்.

சனிக்கிழமை காலை உலகநாதன் ஒரு உறை கொண்டு வந்தான். உள்ளே என் புத்தகம். நான்கு பக்கமும் பின் அடித்து மூடியிருந்தது. மேலே ஒரு சீட்டு: 'அண்ணாச்சி, மாறிப்போச்சு. கையெழுத்தைப் பாத்ததும் மூடிட்டேன். படிக்கல. என்னோடதையும் அப்படியே குடுத்து விடுங்க.'

பயம். அப்படித்தான் நினைத்தேன். பயந்தவர்கள்தான் இவ்வளவு மரியாதையாக எழுதுவார்கள். அதோடு, தாளெல்லாம் அச்சாகிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை ஏழு மணி, டூட்டி மாறுகிற நேரம், வாசலில் நின்று கொடுத்தேன். அறிக்கை எண் நானூற்றுப் பன்னிரண்டு. '"நான் துரோகி": கண்காணிப்பாளரின் ஒப்புதல் வாக்குமூலம்.' முன்னூறு படி. வழக்கமாக ஒருத்தர் இரண்டு வாங்குவார்கள், ஒன்று தனக்கு, ஒன்று வார்டுக்கு. அன்றைக்கு வாங்கினார்கள், படித்தார்கள், உள்ளே போனார்கள். ஒன்பது மணிக்குச் சங்க அறைக்கு வந்தேன். மேஜையில் தாள் குவிந்து கிடந்தது. திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தேன். முன்னூற்று நாற்பது. எப்படி என்று பார்த்தால், பழைய அறிக்கைகளையும் சேர்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அரசியல் தெளிவு இல்லாத பிள்ளைகள். வாட்ஸப்பில் சங்கம் நடத்தலாம் என்று நினைக்கிற தலைமுறை. மேலே இருந்த தாளில் ஒருத்தி பேனாவால் எழுதியிருந்தாள்: 'மயங்கி விழுந்தது நான்தான். பாதி டூட்டியை அன்னைக்கு சிஸ்டரம்மாதான் பாத்தாங்க.' பெயர் போடவில்லை. பெயர் போடாத கடிதத்தைச் சங்கம் கணக்கில் எடுப்பதில்லை.

பத்து மணிக்கு அந்த அம்மாளே வந்தார். ஆறு வருஷத்தில் சங்க அறைக்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான். உட்காரவில்லை.

"வாங்க, கண்காணிப்பாளரம்மா. கோரிக்கை ஏதும் உண்டா?" என்றேன்.

"என் புத்தகத்தக் குடுங்க அண்ணாச்சி."

"அது ஆவணம்."

"அடுத்த பக்கம் பாத்தியளா?"

"தேவப்படல."

மேஜையில் கிடந்த தாள்களை அடுக்கி, ஓரம் தட்டி வைத்தார். பிறகு சொன்னார், "ஆறு வருஷமா நீங்க என்னப் பத்தி எழுதினது அம்புட்டையும் படிச்சிருக்கேன். பழக்கம் விடல. பிழ திருத்தித்தான் வச்சிருக்கேன், மேஜ டிராயர்ல. நீங்க என்னோடதுல இன்னும் ஒரே ஒரு பக்கம் படிச்சிருக்கலாம்."

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "இதுல எத்தன பிழ?" என்று கேட்டுவிட்டேன்.

"இதுல ஒண்ணுமே இல்ல அண்ணாச்சி. என் எழுத்துல்லா இது."

போய்விட்டார். ஒரு வாரம் விடுப்பு. அதற்குப் பிறகு விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தார். மூன்று வருஷம் சர்வீஸ் மீதி இருந்தது. போராட்டத்தின் வெற்றி என்று நான் பொதுக்குழுவில் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. அடுத்த தீர்மானத்தில் என்னைக் கௌரவத் தலைவர் ஆக்கினார்கள். கௌரவம், தம்பி. இனிமேல் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, கூட்டத்துக்குக்கூட வர வேண்டிய சிரமம் இல்லை என்றார்கள். சங்க அறைச் சாவியைக்கூட அவர்களே வைத்துக்கொள்கிறார்கள், எனக்குச் சுமை வேண்டாம் என்று.

புதிதாக வந்த கண்காணிப்பாளர் கடலூர்க்காரம்மா. அவரைப் பற்றியும் எழுதலாம் என்று குறிப்பு எடுத்தேன். வாசலில் பழைய அறிக்கை ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன். 'தேங்க்ஸ் சார்' என்று வாங்கி, மடித்து, நடந்துகொண்டே குப்பைக் கூடையில் போட்டார். கோபம்கூட இல்லை. அப்படிப்பட்டவரைப் பற்றி என்ன எழுதுவது? எழுதினால் யார் படிப்பார்கள்? அதற்குப் பிறகு பேனா எடுக்கவில்லை.

நீங்கள் மறுபடியும் அதையே கேட்கிறீர்கள். ஆமாம், திருப்பினேன். போன சித்திரையில் ஒரு நாள் மதியம், வீட்டில் வேலை ஒன்றும் இல்லை. அடுத்த அறிக்கைக்கு ஏதாவது பொருள் கிடைக்குமா என்றுதான் திருப்பினேன்.

'எதிர்ச் சான்று: பதவி வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். சங்க அறையில் வைத்து அண்ணாச்சிதான், "நீ போ செல்வக்கனி, உள்ளே நம்ம ஆள் ஒருத்தர் இருக்கணும்" என்றார். போனேன். மூன்றாம் மாதம் துரோகி என்றார். போகச் சொன்னவரும் அவர்தான், துரோகி என்றவரும் அவர்தான். இரண்டையும் நான் நம்பிக்கொண்டிருக்க முடியாது. இப்போது எத்தனை விழுக்காடு: முப்பது.'

எனக்கு ஞாபகம் இல்லை. உண்மையாகவே ஞாபகம் இல்லை. நிகழ்ச்சிக் குறிப்பேடு எல்லாம் எடுத்துப் பார்த்தேன். அப்படி ஒரு தீர்மானம் எங்கும் இல்லை. தீர்மானம் இல்லாமல் சொன்னது சங்கத்தின் முடிவு ஆகாது. தலைவன் என்றால் ஆயிரம் பேரிடம் ஆயிரம் சொல்லுவான். 'நீ போ செல்வக்கனி.' நான் அப்படிப் பேசக்கூடிய ஆள்தான். அந்த வாசகம் என்னுடையதுதான். 'உள்ளே நம்ம ஆள்.' அது என் அறிக்கை நடை. வேறு யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

சொன்னேன் என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரே ஒரு பக்கம், தம்பி. இப்படி ஒரு விரலால் திருப்பினால் போதும். எண்பத்தைந்திலிருந்து முப்பதுக்கு அந்த அம்மாள் தானாக இறங்கி வந்திருந்தது. ஆள் போடாமல் புத்தகம் கொடுத்தது ஏமாற்று வேலை, அதை இப்போதும் சொல்வேன், எந்த மேடையிலும் சொல்வேன். ஆனால் அந்த ஏமாற்று வேலைகூட அந்த அம்மாளுக்குக் கொஞ்சம் வேலை செய்திருக்கிறது. அதற்குப் பிறகு வந்தது நான்.

போன மாதம் குரும்பூர் போனேன், அந்த அம்மாளின் வீட்டுக்கு. ஆவணத்தை ஒப்படைக்கத்தான். முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்தது. முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டது. அண்ணன் மகள் ஒருத்தி வெளியே வந்து, "அத்தை முடியாம படுத்திருக்கு. குடுக்கிறத என்கிட்ட குடுங்க தாத்தா" என்றாள். நேரில்தான் கொடுப்பேன் என்று சொல்லித் திரும்பி வந்தேன். முடியாமல் படுத்திருக்கிறவர்கள் முறத்தோடு நடப்பார்களா? பொய்யைப் பாருங்கள்.

ஆழ்வார்திருநகரி தாண்டிவிட்டோம். தென்திருப்பேரைக்கு அடுத்து நான் இறங்க வேண்டும். இன்றைக்கு வெறும் புத்தகம் மட்டும் கொண்டு போகவில்லை. இதோ, இந்தத் தாளைப் பாருங்கள். அறிக்கை எண் நானூற்றுப் பதின்மூன்று. டி.டி.பி. கடையில் கொடுக்கவில்லை, கையால் எழுதியது, ஒரே ஒரு படி. தலைப்பு 'மறுப்பு.' இது பெரிய ற தான், எனக்கு நிச்சயம். முன்னூறு பேர் கையில் கொடுத்ததற்கு முன்னூறு மறுப்பு அடிக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். கேளுங்கள். அதையும் யோசித்து வைத்திருக்கிறேன். முதலில் பிழை பார்க்க வேண்டியவர் பார்க்க வேண்டும், பிறகுதான் அச்சுக்குப் போகும். எங்கள் வழக்கம் அது.

படிக்கிறேன். 'அறிக்கை எண் 412இல் வெளியான செய்தி முழுமையானதல்ல. இரண்டாம் பக்கம் பார்க்கப்படவில்லை. பதவியை ஏற்கச் சொன்னவர் சங்கத் தலைவரே. இதற்காகச் சங்கம்...' சங்கம் என்பதை அடித்துவிட்டு 'நான்' என்று போட்டிருக்கிறேன், தெரிகிறதா? அதற்கு அடுத்த சொல்லுக்கு இடம் விட்டிருக்கிறேன். இந்தச் சொல்லை நானூற்றுப் பன்னிரண்டு அறிக்கையில் ஒரு தடவையும் எழுதியதில்லை. தேவைப்படவில்லை. நீங்கள் படித்தவர். சொல்லுங்கள். வருந்துகிறேன் என்பதற்கு எந்த ர? சின்ன ரவா, பெரிய றவா?

சின்ன ர. நிச்சயமா? மருத்துவமனைக்குப் போடுகிற அதே ர. சரி. அந்தப் பேனாவைக் கொஞ்சம் கொடுங்கள்.

வ. று. ந்.

தெரியும், தம்பி. காது கேட்கிறது எனக்கு. சின்ன ர என்றுதான் சொன்னீர்கள். தெரிந்துதான் பெரிய ற போடுகிறேன். இந்தத் தாளைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு முற்றத்தில் நிற்கப் போகிறேன். எழுத்துப் பிழையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க அந்த அம்மாளால் முடியாது. ஆறு வருஷம் தன்னைத் திட்டின தாளையே திருத்தி வைத்தது. திருத்தின தாளைத் திருப்பிக் கொடுக்கக் கதவைத் திறந்துதானே ஆக வேண்டும்?

குரும்பூர் வந்துவிட்டது. காலைக் கொஞ்சம் ஒதுக்குங்கள், இறங்கணும்.